எள் போடாத உருண்டை

கேட்டுவிடலாம், இந்தச் செங்கல் சுவர் முடிகிற இடத்தில் கேட்டுவிடலாம், நேற்றுக் கயாவில் கடைசியாக ஓர் உருண்டை உருட்டச் சொன்னார்களே, அது யாருக்கு என்று. ஒரே வரிதான், கேட்டால் நாக்கு சுளுக்கிக்கொள்ளாது. சுவர் முடிந்துவிட்டது, அடுத்த சுவர் தொடங்கிவிட்டது, நான் கேட்கவில்லை. சாரநாத்தில் சுவருக்கா பஞ்சம். முழங்கால் உயரம், இடுப்பு உயரம் என்று திரும்பின பக்கமெல்லாம் செங்கல், இடையில் சீராக வெட்டிவிட்ட புல், பாத்தி பாத்தியாகக் கேந்திப்பூ, நடைபாதை ஓரத்தில் வேப்பமரங்கள். வேப்பமரத்தைப் பார்த்ததும் ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. இதெல்லாம் பிக்குகள் தங்கியிருந்த அறைகள், ஆளுக்கு ஒன்று, என்று வேலாயுதம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேலாயுதம்தான் எங்களைத் திருநெல்வேலியிலிருந்து காசி யாத்திரைக்குக் கூட்டிவந்தவர். குடை நுனியில் சிவப்புத் துண்டைக் கட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் போவார், "கொடையப் பாத்து வாங்க, கொடைய விட்டுட்டா நான் பொறுப்பில்ல" என்பார். கூரை இல்லாத அந்த அறைகளில் செண்பகம் அக்கா ஒவ்வொன்றாக நுழைந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறாள், அம்பாசமுத்திரத்துக்காரி, பஸ்ஸில் எனக்குப் பின் இருக்கை, தூங்குகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் பேசுவாள். இவர் எனக்கு நாலடி முன்னால் போகிறார், குரங்குக் குல்லாவும் மஃப்ளருமாக, வேட்டிக்கு மேலே மகனுடைய நீல ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி. எதையோ கீழே போட்டுவிட்டுத் தேடுகிறவர் மாதிரிதான் இந்த யாத்திரை முழுக்க இவர் நடை. கல்யாணமான நாளிலிருந்து இந்த முதுகைப் பார்த்துத்தான் நடந்திருக்கிறேன், இந்த முதுகிடம் கேள்வி கேட்டு ஒருநாளும் நேரான பதில் வந்ததில்லை. அந்த வேப்பமரம் வரட்டும், கேட்டுவிடலாம்.

நேற்றே கேட்டிருக்க வேண்டும், உருட்டுகிறபோதே. சோறு வடித்தது நான், பிசைந்தது நான், உருட்டியது நான். பெண்டாட்டி உருட்டிக் கொடுக்க வேண்டும், புருஷன் வைக்க வேண்டும், கயாவில் அதுதான் முறையாம். வாத்தியார் தமிழ் ஆள், தாத்தா காலத்தில் போய் அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். அவர் பேர் சொல்லச் சொல்ல நான் எடுத்துக் கொடுத்தேன், இவர் வைத்தார். மாமனார், மாமனாரின் அப்பா, மாமியார், என் அப்பா, என் அம்மா, மஞ்சள் காமாலையில் போன கொழுந்தன். அப்புறம் பேர் தெரியாத உறவுகளுக்கு, பாடம் சொல்லிக் கொடுத்தவர்களுக்கு, சிநேகிதர்களுக்கு, வீட்டில் வேலை செய்தவர்களுக்கு, வளர்த்த மாட்டுக்கு, வெட்டின மரத்துக்கு. மரத்துக்கும் உண்டு என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பின்கட்டில் நின்ற முருங்கையை நினைத்துக்கொண்டேன். எல்லாம் முடிந்தது என்று கை கழுவப் போனபோதுதான் இவர் வாத்தியார் காதோரம் குனிந்து என்னவோ சொன்னார். பக்கத்தில் வேறொரு கூட்டத்துக்கு மைக் வைத்து மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள், எனக்கு ஒரு எழுத்து கேட்கவில்லை. வாத்தியார் இவரை ஒரு பார்வை பார்த்தார், பிறகு என்னை. "இன்னும் ஒண்ணு உருட்டுங்கோம்மா" என்றார். நான் எள்ளுக் கிண்ணத்தில் கை வைத்தேன். "எள் வேண்டாம். இதுக்குத் தயிர் விட்டுப் பிசைஞ்சுக்கோங்கோ." தயிர் என்றதும் என் கை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. இந்த உலகத்தில் தயிரைக் கொடுத்தால் போதும் என்று இருந்தவன் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். ரசத்துக்கும் ஒரு கரண்டி தயிர் கேட்பான், கல்யாணச் சாப்பாட்டில் பாயசத்துக்கு முன்னால் தயிர் எப்போது வரும் என்று கழுத்தை நீட்டிப் பார்ப்பான். தயிரை விட்டுப் பிசைந்தேன், பிசைகிறபோது இந்தக் கை என் பேச்சைக் கேட்காமல் பக்கத்தில் உப்பைத் தேடியது. பிண்டத்துக்கு ஏது உப்பு. உருட்டி முடித்துப் பார்த்தால் மற்ற எல்லாவற்றையும் விட அது பெரிதாக இருந்தது, அவனுக்கு ஊட்டுகிற அளவு. இவர் அதை மட்டும் இலையில் வைத்து எடுத்துக்கொண்டு, "நீ இங்கனயே இரு" என்று சொல்லிவிட்டு வாத்தியார் பின்னால் வேறொரு கோயிலுக்குப் படியேறிப் போனார். திரும்பி வரும்போது கையில் இலை இல்லை. கண் சிவந்திருந்தது, அழுதாரா, அங்கே இருந்த புகையா, இவர் முகத்தில் அதெல்லாம் கண்டுபிடிக்க முடியாது. ராத்திரியே காசிக்குத் திரும்பிவிட்டோம், காலையில் கங்கையில் முங்கினோம், இப்போது இங்கே கொண்டுவந்து சுற்றிப் பார்க்க இறக்கிவிட்டிருக்கிறார்கள், வேப்பமரம் வந்து போய்விட்டது, நான் கேட்கவில்லை.

செத்ததை யார் பார்த்தார்கள், பார்த்தவர் யாராவது வந்து சொல்லட்டும். குற்றாலிங்கம் என்று பேர் வைத்தோம், குத்தாலம் என்று கூப்பிட்டோம். புனேயில் வேலைக்குப் போன இடத்தில் லிங்கம் என்று சுருக்கிக்கொண்டார்கள், அந்த வேலையும் ஒருநாள் போனது, வீட்டுக்கு வந்தவன் மச்சு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டான். மாதக்கணக்காகப் படுத்தான். சாப்பிடக் கூப்பிட்டால் வருவான், இவர் கீழே இருந்தால் வரமாட்டான். இவர் திட்டினார் என்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும், ஒரு வார்த்தை திட்டவில்லை, ஆனால் ஒரு வார்த்தை பேசவும் இல்லை, அப்பாவும் மகனும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை, "முடி வெட்டிட்டு வாரேம்மா" என்று அவனாக இறங்கி வந்தான். தலை காடாகக் கிடந்தது, தானாகவே வெட்டப் போகிறான் என்றால் பிள்ளைக்கு மனசு தெளிந்துவிட்டது என்றுதானே பெற்றவள் நினைப்பாள், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முடி வெட்டி வருகிறவன் வீட்டுக்குள் ஒன்றையும் தொடாமல் நேரே போய்க் குளிக்க வேண்டுமே என்று கொல்லையில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்தேன், கொடிக்கம்பியில் துண்டு போட்டேன். வரவில்லை. கடைக்காரர் ஆள் வரவேயில்லை என்றார். போன் மச்சில் கிடந்தது. அப்புறம் போலீஸ், பேப்பரில் படம், பழனி, திருச்செந்தூர், எங்கோ ஒரு ஊரில் ரயிலில் அடிபட்ட ஆள் என்று தகவல் வரும், இவர் கிளம்பிப் போய் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வருவார், "அது இல்ல" என்பார், சட்டையைக் கழற்றுவார், குளிக்கப் போவார். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்பதற்காக நான் நேர்ந்துகொள்ளாத சாமி இல்லை. வாளித் தண்ணீரை மட்டும் நான் கொட்டவில்லை. காலையில் போய்ப் பார்ப்பேன், விழுந்து கிடக்கிற இலையை எடுத்துப் போடுவேன், வந்துவிடுவேன். ஒருநாள் போய்ப் பார்த்தால் வாளி கவிழ்ந்து கிடக்கிறது. "புழு வச்சிருச்சுளா" என்றார், காப்பி கேட்டார். கவிழ்த்துவிட்டுக் காப்பி கேட்கிற ஆள் இவர். அந்த உருண்டையையும் இவர் அவனுக்கே வைத்து முடித்துவிட்டாரோ என்று அதனால்தான் நினைக்கிறேன்.

பெரியத்தான் ஒருத்தர் இருக்கிறாரே, இவருடைய அண்ணன், அவர் போன மாதம் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே சொன்னார், "இந்த ஆவணியோட பன்னெண்டு வருசமாச்சு. பன்னெண்டு தாண்டிட்டா தர்ப்பையில உருவம் செஞ்சு வச்சாவது கர்மத்த முடிச்சிரணும் தம்பி. இல்லன்னா அந்த ஆத்மா அலையும்." நான் அடுக்களையிலிருந்து வந்து, "அலையுதது நான்தான் அத்தான், எனக்கு முடிச்சு வையுங்க" என்று சொல்லிவிட்டேன். மரியாதை கெட்டுத்தான் சொன்னேன். இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் போய் வேலாயுதத்திடம் இரண்டு பேருக்கும் பேர் கொடுத்துவிட்டு வந்தார், காசி, கயா, பிரயாகை. அன்றைக்கே எனக்குச் சந்தேகம் தட்டியது. இருந்தும் ஒத்துக்கொண்டேன், எனக்கு வேறு காரியம் இருந்தது. கீழ ரத வீதி சோமு இரண்டு வருஷத்துக்கு முன்னால் காசிக்குப் போய் வந்தவர், அவனைப் படித்துறையில் பார்த்தேன் என்று சொன்னார். தாடியும் அழுக்கு வேட்டியுமாக உட்கார்ந்திருந்தானாம், "ஏல குத்தாலம்" என்று கூப்பிட்டாராம், திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்து கூட்டத்துக்குள் போய்விட்டானாம். திரும்பிப் பார்த்தான். பேர் வேறாக இருந்தால் எதற்குத் திரும்ப வேண்டும், காசியில் குத்தாலம் என்று இன்னொருத்தனா இருக்கிறான். இதை இவரிடம் சொல்லிச் சொல்லி நான் தொண்டை வற்றினேன், அப்போதே கிளம்புவோம் என்றேன், "அது அவன் இல்ல" என்று முடித்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சொல்லுகிற அதே குரல். வந்ததிலிருந்து நான் ஒரு சாமியையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை, உண்மையைச் சொன்னால் விசுவநாதரைக்கூட ஒரு நொடிதான், வரிசையில் நின்ற முகங்களைப் பார்த்தேன், படித்துறைச் சாமியார்களைப் பார்த்தேன், படகுக்காரர்களை, பிச்சைக்காரர்களை, சாம்பல் பூசினவர்களைச் சாம்பலுக்குள் பார்த்தேன். இவர் ஒரு முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பெற்றவர்தானே, ஒரு தடவை தலையைத் தூக்கினால் என்ன, கழுத்தா முறிந்துவிடும்.

கம்பித் தடுப்புக்குள் ஒரு தூண் உடைந்து துண்டு துண்டாக நிற்கிறது, அதற்கு முன்னால் வேலாயுதம் எங்களை நிறுத்தி வைத்துக்கொண்டு கதை சொன்னார். புத்தர் ராஜா வீட்டுப் பிள்ளை, ஒரு ராத்திரி பெண்டாட்டி தூங்கும்போது, பிள்ளை தூங்கும்போது, அப்பனிடம் ஒரு சொல் சொல்லாமல் கிளம்பிவிட்டார், போனதும் முதல் காரியமாகத் தலைமுடியை வெட்டிப் போட்டுவிட்டார், பிறகு ஞானம் வந்து இங்கேதான் முதன்முதலில் உபதேசம் பண்ணினார் என்று. முடியை வெட்டிப் போட்டுவிட்டார் என்றதும் செண்பகம் அக்கா தோளைப் பிடித்துக்கொண்டேன். சொல்லாமல் போன ஒருத்தருக்கு இவ்வளவு பெரிய தோட்டம், இவ்வளவு செங்கல், உலகம் பூராவிலிருந்தும் வந்து விழுந்து கும்பிடுகிற ஜனம். அந்த அப்பன்காரர் என்ன ஆனார், ராஜாவாக இருந்தால் மட்டும் சோறு இறங்கியிருக்குமா, அவருக்கு எந்த ஊரில் தோட்டம் போட்டிருக்கிறார்கள். வாய் சும்மா இருக்கவில்லை. "பொறவு அவரு வீட்டுக்குத் திரும்பிப் போகவே இல்லையா தம்பி" என்று கேட்டுவிட்டேன். "போனாரும்மா, அப்பா ஆள் மேல ஆள் அனுப்பிக் கூப்பிட்டாரு, ஆறேழு வருசம் கழிச்சுப் போயி ஊருக்குள்ளயே பிச்சை எடுத்தாரு" என்றார் வேலாயுதம். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். பிச்சை எடுத்தால் என்ன, வந்தாரே. என் வாசலில் வந்து நின்று பிச்சை கேட்கட்டுமே, பானையோடு போட்டுவிட மாட்டேனா. ஆறேழு வருஷத்தில் புத்தரே திரும்பிவிட்டார், எங்கள் கணக்கு அதை எப்போதோ தாண்டிவிட்டது. இவர் அந்தக் கதையைக் கேட்டாரா என்று திரும்பிப் பார்த்தேன், கம்பிக்குள் இருந்த கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய ஸ்தூபி ஒரே சுற்றாகக் கட்டி எழுப்பினது, மேலே செங்கல், கீழே கல்லில் கொடியும் பூவும் செதுக்கியிருக்கிறது, எங்கெங்கோ கை எட்டுகிற இடத்தில் தங்கத் தாளை ஒட்டிவைத்திருக்கிறார்கள். அதைச் சுற்றி வெள்ளை உடுத்தினவர்கள், காவி உடுத்தினவர்கள், சிவப்புச் சால்வை போர்த்தினவர்கள், வெவ்வேறு தேசத்துச் சனங்கள், முணுமுணுத்துக்கொண்டு நடக்கிறார்கள். எல்லாம் மொட்டைத் தலை. தாடி இருந்தால் தாடியை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொள்ளுவேன், முடி இருந்தால் முடியைக் குறைத்துப் பார்ப்பேன், மொட்டைத் தலைக்கு முடி வைத்துப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் கன்னம் ஒட்டியிருக்குமா, உப்பியிருக்குமா. காது மாறாது, காதைப் பார்க்க வேண்டும். ஒருவன் சப்பணமிட்டு உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தான், அந்தக் கழுத்து அவன் கழுத்துதான், நான் சுற்றிக்கொண்டு முன்னால் போய்ப் பார்த்தேன், சப்பை மூக்கு, வேறு தேசத்துப் பிள்ளை, அவனுக்கும் எங்கேயோ ஒரு தாய் இருப்பாள். செண்பகம் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். கயாவுக்குப் போகிறவர்கள் ஒரு காய், ஒரு பழம், ஒரு இலை என்று விரும்பினதை விட்டுவிட்டு வரவேண்டும், அப்புறம் ஆயுசுக்கும் தொடக் கூடாது. "நான் பேரிக்காய விட்டுட்டேன், அது எனக்குச் சேராதுல்லா" என்றாள். விரும்பினதை விடச் சொன்னால் சேராததை விட்டுவிட்டு வந்திருக்கிறாள், கயாவையே ஏமாற்றிவிட்டாள், சிரித்துவிட்டேன். "நீ என்னத்த விட்ட ஆவுடை?" என்றாள். "ஒண்ணையும் விடல்லக்கா." "ஐயையோ, ஒண்ணையும் விடாம வரப்படாதே" என்று மார்பில் கை வைத்துக்கொண்டாள். எப்படி விடுவேன், விடச் சொன்ன நேரத்தில் எனக்கு நாக்கே எழும்பவில்லை, கையில் தயிர் வாடை இருந்தது, இப்போதும் இருக்கிறது, கங்கையில் முங்கி எழுந்தும் போகவில்லை. நான் பிசைந்துதானே கொடுத்தேன், நான் உருட்டிக் கொடுக்காவிட்டால் இவர் எதை வைத்திருப்பார், உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு அவன் அம்மா கையாலேயே வாய்க்கரிசி மாதிரி. எங்கேயோ ஒரு படித்துறையில் அவன் நேற்று மத்தியானம் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தால். செத்தவனுக்குத்தான் வைப்பார்கள், வைத்துவிட்டால் செத்துவிட வேண்டியதுதானே என்று எமன் எடுத்துக்கொண்டிருந்தால். நினைக்கக் கூடாது. இவர் போட்டிருக்கிற ஸ்வெட்டர் அவனுடையது, செத்தவன் உடுப்பை எந்த அப்பனாவது மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுவானா, அப்படியானால் இவர் மனசில் அவன் சாகவில்லை. உயிரோடு இருக்கிறான் என்றால் வந்து கேட்பானே என்று பத்திரமாக வைத்திருக்க மாட்டாரா, அப்படியானால் செத்துவிட்டான். இந்த ஸ்வெட்டரை வைத்துக்கொண்டு நான் காலையிலிருந்து இரண்டு பக்கமும் வழக்காடிக்கொண்டிருக்கிறேன், தீர்ப்பு வரவில்லை.

புல்வெளியில் ஜமுக்காளம் விரித்துச் சமையல்காரர் பொட்டலம் கொடுத்தார். நான் ஒரு வேப்பமரத்தடியில் தள்ளிப்போய் உட்கார்ந்தேன், இவர் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். இலையைப் பிரித்தால் தயிர்சாதம், ஓரத்தில் நார்த்தங்காய். வேறு ஏதாவது கொடுத்திருக்கக் கூடாதா, எலுமிச்சம்பழச் சோறு, புளியோதரை, எத்தனை இருக்கிறது. விரலை வைத்தேன், சில்லென்று இருந்தது, குழைந்த சோறு விரல் சந்தில் ஏறியது, நேற்று ஏறின மாதிரியே. இவர் கவளம் எடுத்து வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார், இவரால் எப்படி இறங்குகிறது. என் வாய் அதுவாகத் திறந்துகொண்டது.

"நேத்து கடைசியா ஒண்ணு உருட்டச் சொன்னியளே, அது யாருக்கு?"

இவர் மென்று விழுங்கினார். நார்த்தங்காயை ஒரு கடி கடித்தார்.

"எனக்கு" என்றார்.

"எனக்குன்னா?"

"எனக்கு நானே வச்சிக்கிட்டேன்ளா. அப்படி ஒண்ணு உண்டும். பின்னால வைக்கதுக்குப் பிள்ளை இல்லாதவங்க, இருக்கும்போதே தனக்கு வச்சிக்கிடலாமாம். உசிரோட இருக்கவனுக்கு வைக்கதுனால எள்ளு கூடாது, தயிருதான்னு வாத்தியாரு சொன்னாரு."

முதலில் வந்தது சந்தோஷம், சத்தியமாகச் சந்தோஷம்தான், உடம்பெல்லாம் சூடாக ஓடியது. அவனுக்கு வைக்கவில்லை. நான் அவனுக்குப் பிசையவில்லை. எமன் யாரையும் எடுக்கவில்லை. இவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது, எச்சில் கையாக இருந்தது. "அவனுக்கு வச்சிட்டியளோன்னு நான் செத்துப் பிழைச்சேன்" என்றேன்.

"அவனுக்கு எதுக்கு? அவன் இருக்காம்லா."

பன்னிரண்டு வருஷத்தில் இவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. அவன் இருக்கான். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார், மச்சில் படுத்திருக்கான் என்கிற மாதிரி. அதற்கு அடுத்துத்தான் எனக்கு உறைத்தது, மெதுவாக, ஊசி போட்ட இடம் அப்புறம் வலிக்கிற மாதிரி. "இருக்கான்னா பொறவு நீங்க எதுக்கு ஒங்களுக்கே வச்சிக்கிட்டிய? அவன் வந்து வைப்பாம்லா."

"வரமாட்டான்" என்றார். இலையை மடித்தார், மடித்த மடிப்பைப் பிரித்து மறுபடி மடித்தார். "சோமு கூப்பிட்டான்லா. பேரச் சொல்லிக் கூப்பிட்டான். நம்ம ஊருக்காரன்னு தெரிஞ்சுதான் எந்திச்சுப் போயிருக்கான். அது அவந்தான். எனக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சா ஏன் இல்லன்னிய? இத்தன நாளு காசியில இருந்தோமே, ஒரு மூஞ்சிய நீங்க நிமிந்து பாக்கலியே. நான் ஒருத்தியா எத்தன பேரத்தான் பாப்பேன்?"

இவர் மடியில் இருந்த குல்லாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பாத்துட்டா? நாம அவனப் பாத்து, அவன் நம்மளப் பாத்துட்டு, மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனாம்னா? சோமுகிட்ட போன மாதிரி. பொறவு நாம எப்படி ஊருக்குப் போவோம்ளா."

சோமு சொன்னதில் திரும்பிப் பார்த்தான் என்பதை நான் எடுத்துக்கொண்டேன், எழுந்து போனான் என்பதை இவர் எடுத்துக்கொண்டார், இரண்டு வருஷமாக ஒரே வீட்டில் ஆளுக்கொன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். செத்துப்போனவன் வராமல் இருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது, அவன் மேல் குறை இல்லை, அழுது தீர்த்துவிடலாம். உயிரோடு இருந்து, காது கேட்டு, பேர் தெரிந்து, ஊர் ஞாபகம் இருந்து, வேண்டாம் என்று எழுந்து போகிறவனை என்ன செய்வது. ஒரு வாளித் தண்ணீரில் புழு வைக்கிற வரைக்கும் காத்திருந்தேனே, அவன் அந்த வாளியைத்தான் வேண்டாம் என்று போனானா. என்னையுமா. இவரோடு பேசப் பிடிக்காமல் போயிருக்கலாம், நான் என்ன செய்தேன், நான் கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பான், நிச்சயம் நின்றிருப்பான், அம்மா குரல் என்றால். நின்றிருப்பானா. இவர் எழுந்து என் இலையையும் சேர்த்து எடுத்துக்கொண்டார், நான் சாப்பிடவில்லை என்பதைக் கவனித்தாரோ என்னவோ, "உப்பு பத்தல" என்று மட்டும் சொன்னார். அதற்கு நான் "எனக்கு யாரு வைப்பா?" என்று கேட்டேன், அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "உனக்கு நான் இருக்கேம்லா" என்றார் இவர். சொல்லிவிட்டு, என்னைவிடத் தனக்குப் பத்து வயது கூட என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தவர் போல, குல்லாவைத் தலையில் மாட்டிக் காதை இழுத்து மூடிக்கொண்டார்.

வேலாயுதம் விசில் ஊதினார், தூரத்தில் குடையும் சிவப்புத் துண்டும் தெரிந்தது. வாசலுக்குப் போகிற பாதையில் நடந்தோம், இந்தத் தடவை இவர் முன்னால் போகவில்லை, நான் வருகிற வேகத்துக்கு நடந்தார். எதிரே பிக்குகள் வரிசையாக வந்தார்கள், காவியும் மொட்டைத் தலையுமாக, ஒருவர் பின்னால் ஒருவராக, வரிசை வளைந்து ஸ்தூபிப் பக்கம் வரைக்கும் போயிற்று. "ஆவுடை, இவுகள ஒரு போட்டோ எடுத்துக்கிடுவமா" என்று செண்பகம் அக்கா முன்னாலிருந்து கூப்பிட்டாள். சாப்பாட்டுக்கு முன்னால் என்றால் நான் ஒரு முகம் விடாமல் பார்த்திருப்பேன், கன்னத்தை உப்ப வைத்து, முடியை வைத்து, காதைப் பார்த்து. இவர் பாதையோரம் ஒதுங்கி நின்று தலையைக் குனிந்துகொண்டார். நான் இவர் பக்கத்தில் போய் நின்றேன். ஒருவேளை இருந்தால். இருந்து, பார்த்து, திரும்பிக்கொண்டால். நானும் குனிந்துகொண்டேன். பாதங்கள் போயின, செருப்புப் போட்டது, போடாதது, வெளுத்தது, பித்தவெடிப்பு விழுந்தது, புழுதி படிந்தது. குத்தாலத்துக்குக் கட்டைவிரலைவிட அதற்கு அடுத்த விரல் நீளம், பிறந்த அன்றைக்கே தொட்டுப் பார்த்தது, எத்தனை காலுக்கு நடுவில் வந்தாலும் எனக்கு அந்தக் காலைத் தெரிந்துவிடும். வரிசை இன்னும் முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.